ஜூலியைக் கட்டிப்போட்ட நாள்

முதல் அறிகுறி ஒரு காய்ந்த துண்டு.

என் கணவர் குளித்துவிட்டு வந்து கொடியில் போட்ட துண்டை மடிக்க எடுத்தேன். நனையவே இல்லை. கால் மணி நேரமாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டிருந்தேன். வாளி காலி, தரை ஈரம், மனிதர் மட்டும் நனையவில்லை. மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். சுவரோரமாக நின்றுகொண்டு ஒவ்வொரு செம்பாகத் தரையில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

திருநெல்வேலிக்காரரைப் பார்த்து நீ குளிக்கவில்லை என்று சொல்வது லேசான வசவு அல்ல. அதிலும் இவர் ஆற்றில் வளர்ந்தவர். நான் வாத்தியாரம்மா, வாய் சும்மா இருக்குமா? "நாப்பத்தெட்டு வயசுல குளிக்கதுக்கு மடியா உங்களுக்கு?" என்று கேட்டேன். "ஊத்துனேனே, சத்தம் கேக்கலியா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

அதைச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினேன். உங்கள் வீட்டில் தீயணைப்புத் துறையிலோ காவல் துறையிலோ பட்டாளத்திலோ ஒருவர் இருந்து, அவர் செய்யும் ஏதோ ஒன்று உங்களுக்குச் சோம்பலாகவோ கிறுக்காகவோ தெரிந்தால், தயவுசெய்து இரண்டு மாதம் காத்திருக்காதீர்கள்.

அவருக்கு வேலை தீயணைப்புத் துறையில். பெயர்தான் தீ, எங்கள் பக்கத்தில் பாதி வேலை தண்ணீரில். வெளியூரிலிருந்து குளிக்க வருபவர்களுக்கு ஆற்றில் எங்கே கசம் (திடீரென்று ஆழமாகும் பள்ளம்) இருக்கிறது என்று தெரியாது. முழங்கால் தண்ணீர் என்று அடுத்த அடி வைப்பார்கள். பிறகு நிலையத்துக்குப் போன் வரும். ரப்பர் படகு, கயிறு, கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற அதே பாதாளக் கரண்டி. கரண்டி எதிலாவது மாட்டினால் கயிறு கையில் கனக்கும். அந்தக் கனத்தை வைத்தே கல்லா, மரமா, ஆளா என்று சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

இரவுப் பணி முடிந்து வந்து பகலில்தான் தூங்குவார். நான் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்திக்கொண்டிருப்பேன். எங்கள் ஒரே மகள் கோயம்புத்தூரில் விடுதியில் இருந்து படிக்கிறாள். ஆகவே அவர் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து கட்டில் சட்டத்தைப் பிடித்து இழுப்பதை என் மாமியார் மட்டுமே பார்த்திருக்கிறார். அத்தை என்னிடம் சொல்லவில்லை. பிறகு நான் சண்டைக்குப் போனபோது, "பகல்ல தூங்குனா கெட்ட சொப்பனம் வரத்தானளா செய்யும்? ஒங்கிட்ட சொன்னா நீ அவனக் கேள்வியாக் கேப்பே" என்றார். அவர் சொன்னதும் சரிதான், நான் கேட்டிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட எழுப்பலாம் என்று அவர் மணிக்கட்டைத் தொட்டேன். அடுத்த நொடி நான் பீரோவில் மோதிக் கிடந்தேன். அவர் என் விரல்களைத் தன் கையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. என் சுண்டுவிரல் எலும்பு விட்டுப்போயிற்று.

விரலுக்குக் கட்டுப் போடப் போன அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவின் வரிசையிலும் சீட்டு எடுத்தேன். அந்த நடைக்கூடத்து பெஞ்சில் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "தெரிஞ்சவன் எவனும் பாத்தாம்னா பைத்தியம்னுருவான். வேலைக்கு வந்த வெனை" என்றார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. என் கைக்கட்டைத்தான் மடியில் நன்றாகத் தெரியும்படி வைத்துக்கொண்டேன், யாராவது பார்த்தால் எனக்காக வந்ததாக இருக்கட்டும் என்று.

மருத்துவர் என்னைவிட இளைய பெண். அவசரப்படவில்லை. அவர் கேட்கக் கேட்க, என் கணவர் என்னிடம் ஒருபோதும் சொல்லாததைச் சொன்னார். புரட்டாசியில் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே ஒரு கசத்தில் தாயும் ஆறு வயது மகளும் மூழ்கிப்போனார்கள். இவர் உள்ளே இறங்கித் தேடினார். பிள்ளை தாயின் மணிக்கட்டைப் பிடித்தபடி இருந்தது. பாறை இடுக்கு. இரண்டு பேரையும் சேர்த்து வெளியே எடுக்க வழியில்லை.

"வெரல ஒவ்வொண்ணாப் பிரிச்சேன் டாக்டர். பிரிச்சாத்தான் தூக்க முடியும்" என்றார். அதற்குமேல் அன்றைக்குப் பேசவில்லை.

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் என்று சீட்டில் எழுதினார்கள். (நடந்து முடிந்துபோன ஆபத்து முடியவில்லை என்று உடம்பு நம்பிக்கொண்டிருக்கும் நோய்.) பீரோவில் நான் மோதிய நாளில் நடந்ததற்கு மீள்நிகழ்வு என்று பெயர். (பழையது நினைவாக வராமல், இப்போதே நடப்பதாகத் தோன்றுவது.) மாத்திரையும், வாரம் ஒரு முறை பேச்சுச் சிகிச்சையும் தொடங்கின. மாத்திரை வேலை செய்ய ஆறு வாரம் ஆகும் என்றார்கள். எட்டு வாரம் ஆயிற்று. கட்டில் சட்டம் கொஞ்சம் ஓய்ந்தது. குளியல் திரும்பவில்லை.

நாயைப் பற்றிச் சொன்னதும் அந்த மருத்துவர்தான். "இது நம்ம ஊர்ல ஏற்பாடா எதுவும் கிடையாது. ஆனா மணிமுத்தாறு பக்கம் ஒருத்தர் பழக்கித் தர்றார். ராணுவத்துல நாய்ப் பிரிவுல இருந்தவர். மருந்துக்குப் பதிலா இல்ல, மருந்தோட கூட" என்றார்.

எங்கள் வீடு சைவ வீடு. முட்டை ஓடுகூட வாசல் தாண்டியதில்லை. நாய் என்றால் தெருவில் நிற்கும், பழைய சோறு வைப்போம், அவ்வளவுதான். நான் அறிவியல் ஆசிரியை. ஆனாலும் நாய் புழங்கும் வீட்டில் பூசை அறை எப்படி என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதற்கு இது வேண்டும்.

நாய் பழக்குபவரை ஹவில்தார் அண்ணாச்சி என்றே நாங்கள் கூப்பிட்டோம். அறுபது வயது. பேசும்போது வாசலுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டார். எல்லையில் அவருக்கு முன்னால் நடந்த நாய் கண்ணிவெடியில் போயிற்று. அதைப் பற்றி அவர் ஒரு வரிதான் சொன்னார்: "அது மிதிச்சதுனால நான் மிதிக்கல." எங்களுக்காக அவர் தேர்ந்தெடுத்தது ஒரு கலப்பு லேப்ரடார், இரண்டு வயதுப் பெட்டை. வீடு மாறிப் போனவர்கள் விட்டுவிட்டுப் போனது. ஜூலி என்ற பெயரும் அவர்கள் வைத்ததுதான்.

பழக்கும் முறை இது. என் கணவர் கனவு கண்டு எழுந்ததும், பஞ்சுத் துணியால் அவர் கழுத்தைத் துடைத்து, காற்றுப் புகாத பைக்குள் போட்டு, குளிர்ப்பெட்டியின் மேல்தட்டில் வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை அதை மணிமுத்தாற்றுக்குக் கொண்டுபோக வேண்டும். சாதாரண வியர்வைத் துணி ஒன்று, பயந்த வியர்வைத் துணி ஒன்று என்று வைத்து நாய்க்கு வித்தியாசம் கற்றுக்கொடுப்பார். மேல்தட்டில் அவர் பயம், கீழ்த்தட்டில் தோசை மாவு. "எம் மவன் வேர்வைய ஐஸ் போட்டு வச்சிருக்கியே, இது எந்த ஊரு நாயம்ளா?" என்றார் அத்தை.

பயந்த வாசனை வந்ததும் ஜூலி செய்ய வேண்டியது ஒன்றுதான். குரைக்கக் கூடாது. அவர் கால்மேல் போய்த் தன் முழுப் பாரத்தையும் போட்டுப் படுக்க வேண்டும். நின்றால் பாதத்தின்மேல், உட்கார்ந்தால் மடியின்மேல். முப்பது கிலோ உயிர்ப் பாரம் இங்கே கிடக்கிறது, ஆகவே நீ இங்கேதான் இருக்கிறாய், ஆற்றில் இல்லை என்று அவர் உடம்புக்குப் புரிய வேண்டும்.

மாசிக் கடைசியில் ஜூலி வீட்டுக்கு வந்தது. முதல் வாரம் தயிர்ச்சாதம் வைத்தேன். அண்ணாச்சி போனில், "தங்கச்சி, அது என்ன வெரதமா இருக்கு? முட்டையாவது போடும்மா" என்று சத்தம் போட்டார். மாடிப்படிக்குக் கீழே தனி அடுப்பு, தனிச் சட்டி வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு முட்டை வேகவைத்தேன். பூசை அறைப் பக்கம் மட்டும் விடவில்லை. அத்தைதான் முதலில் மனம் இளகியவர். "மூதி, இங்கன வந்து படு, வெயில்ல கெடக்கியே" என்று தன் பாயோரம் இடம் கொடுத்துவிட்டார்.

நான்கு மாதம் நல்ல மாதங்கள். நிலையத்தில் தொலைபேசிப் பணி கொடுத்தார்கள்; நாயும் கூட வரலாம் என்று நிலைய அலுவலர் வாய்வார்த்தையாகச் சம்மதித்தார். வைகாசியில் ஒரு நாள் ஜூலி குளியலறை வாசலில் படுத்திருக்க, இவர் அரை வாளித் தண்ணீரில் குளித்தார். ஈரத் துண்டைப் பிழியும்போது நான் அழுதேன்.

ஆடி அமாவாசை வந்தது. இவருடைய அப்பாவின் தம்பி, ஸ்ரீவைகுண்டத்துச் சித்தப்பா, எழுபத்திரண்டு வயது, வருஷாவருஷம் எங்கள் வீட்டுக்கு வந்து, இவரும் அவருமாகப் பாளையங்கோட்டைக்குப் பக்கத்துப் படித்துறையில் தர்ப்பணம் செய்வது வழக்கம். வாழைத் தோட்டக்காரர். வாட்டசாட்டமானவர். ஆசாரத்தில் கறார் என்று குடும்பத்தில் பேர். ஆண்பிள்ளை இல்லை, ஒரு பெண்தான். இவரைத்தான் மகன் மாதிரி நினைப்பார்.

மருத்துவரிடம் கேட்டேன். முழங்கால் தண்ணீரோடு நிற்கட்டும், நாயைக் கூட்டிப் போங்கள், கூட்டம் சேரும் முன் திரும்பிவிடுங்கள் என்றார். மூன்றும் எனக்கு நினைவிருந்தது.

அன்று காலையில் ஜூலி ஒரு மாதிரியாக இருந்தது. இவர் வேட்டி கட்டும்போது வந்து பாதத்தில் படுத்தது. எழுப்பி விட்டால் மறுபடியும் படுத்தது. எள்ளையும் அரிசியையும் நான் தாம்பாளத்தில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். பித்ரு காரியத்துக்கு எடுத்ததை நாய் பார்க்கவே கூடாது என்பார்கள். இதுவோ தாம்பாளத்தை இடித்துக்கொண்டு அவர் காலுக்குள் புகுகிறது. சித்தப்பா வெளியே காரில் உட்கார்ந்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. நல்ல நாளும் அதுவுமாகச் சேட்டை பண்ணுகிறது என்று நினைத்தேன்.

சேட்டை இல்லை. அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. நான்கு மாதமாக நான் கண்ணால் பார்த்த அதே வேலை. வேறு எந்த நாளாக இருந்தாலும் எனக்குப் புரிந்திருக்கும். அன்று நான் எள்ளையும் சித்தப்பாவையும் மட்டுமே பார்த்தேன்.

கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் பின்கட்டில் மோட்டார் அறைக் கம்பியில் கட்டினேன்.

"ஜூலி வரட்டுமே ஏட்டி" என்றார் இவர்.

"அரை மணி நேரந்தானங்க. சித்தப்பா என்ன நெனைப்பாரு?"

அவர் மறுபடி கேட்கவில்லை. அத்தை மட்டும், "நாய் கூட வந்தா அவன் அப்பா என்ன, வாங்கிக்கிட மாட்டேம்னா சொல்லிருவாரு?" என்று முணுமுணுத்தார். நான் கேட்காததுபோல் தாம்பாளத்தைத் தூக்கினேன்.

படித்துறையில் ஏற்கெனவே நல்ல கூட்டம். ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல இருவரும் எள்ளும் தண்ணீரும் விட்டார்கள். நான் மாற்று வேட்டியோடு மேல்படியில் நின்றேன். கடைசியில், இறங்கி மூன்று முழுக்குப் போட்டு வாருங்கள் என்றார் ஐயர். இவர் முழங்கால் ஆழத்தில் தயங்கினார். சித்தப்பா இடுப்பளவில் நின்று கையை நீட்டி, "வாலே சங்கரு" என்று இவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகியிருக்காது. இவர் சித்தப்பாவின் விரல்களைப் பிரித்தார். பின்பக்கமாக அவர் மார்பைச் சுற்றிக் கையைப் போட்டார். "கயிறு விடுங்கலே!" என்று கத்தினார். ஒரு ஆளைத் தண்ணீரிலிருந்து எப்படி எடுக்க வேண்டுமோ அப்படியே சுத்தமாக எடுத்துப் படியில் கிடத்தினார். திமிறினார் சித்தப்பா. இவர் மண்டியிட்டு, இரண்டு கையையும் கோத்து, மார்பை அழுத்தத் தொடங்கினார். இதய இயக்க மீட்பு. (நின்றுபோன இதயத்தை மார்பெலும்பை அழுத்தி ஓட வைக்கும் முதலுதவி. ஓடிக்கொண்டிருக்கும் இதயத்துக்குச் செய்யக் கூடாது.) ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணினார். முப்பது வரை எண்ணினார். மாற்று வேட்டியைப் பிடித்தபடி நான் நான்கு படி மேலேயே நின்றேன். ஆட்கள் ஓடிவந்து இவரை இழுத்தபோது, வாயில் வாய் வைத்து இரண்டு மூச்சும் கொடுத்து முடித்திருந்தார்.

'தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன' என்று வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இப்போது அந்தப் பழமொழி எனக்கு வாயில் வருவதில்லை.

நான்கு விலா எலும்புகள் முறிந்திருந்தன. மருத்துவமனையில் கேட்டவர்களிடமெல்லாம் சித்தப்பாவே, "படியில வழுக்கி விழுந்துட்டேன்" என்றார். எழுதிக்கொள்ள வந்த காவலரிடமும் அதையேதான் சொன்னார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மறுநாள் நான் கட்டிலோரம் நின்று, நாயைக் கட்டிப்போட்டதைச் சொன்னேன். மூச்சை இழுத்து இழுத்துப் பேசினார்.

"கூட்டிட்டு வந்திருக்கலாம்லா தாயி. நானா வேண்டாம்னேன்?"

நான் அவர் காலடியில் போர்வையைச் சரிசெய்தேன்.

"அவன வையாத, என்ன? பொணத்தத் தூக்கித் தூக்கி, உசிரு எதுன்னு கைக்குத் தெரியாமப் போச்சு பயலுக்கு."

முறிந்த விலாவோடு ஆழமாக மூச்சு இழுக்க முடியாது. நுரையீரலில் சளி தேங்கும். அந்த வயதில் அது நிமோனியாவாக (நுரையீரல் அழற்சி) மாறும். பத்தொன்பதாம் நாள் சித்தப்பா இறந்தார்.

அப்போது என் கணவர் மனநலப் பிரிவில் உள்நோயாளி. அன்று நடந்ததில் அவருக்கு எதுவும் நினைவில்லை. ஐயர் முழுக்குப் போடச் சொன்னதோடு நின்றுவிட்டது. மருத்துவர் அதை விலகல் மறதி என்றார். (மனம் தாங்க முடியாததைத் தனியே பூட்டி வைத்துவிடுவது.) காலை மாத்திரையை விரதத்துக்காகத் தள்ளிப்போட்டதால் இப்படி ஆயிற்றா என்று கேட்டேன். அப்படிக் கேட்டால் பழி மாத்திரைமேல் விழும் என்று ஒரு நப்பாசை. "ஒரு வேளை மாத்திரையால இது வராது" என்றார். நாயைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இவரிடம், நீங்கள் ஆற்றில் மயங்கி விழுந்தீர்கள் என்று சொன்னோம். சித்தப்பாவுக்கு நிமோனியா என்று சொன்னோம். இரண்டுமே முழுப் பொய் இல்லை. சித்தப்பாவின் மருமகன் கொள்ளி வைத்தார். "நாந்தான வச்சிருக்கணும்" என்று இவர் நெடுநாள் வருத்தப்பட்டார். உடம்பு தேறியதும், மூன்று மாதத்துக்குள் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், வேறு யார் வாயாலும் தெரியக் கூடாது என்றார் மருத்துவர். நான் பத்து மாதம் கடத்தினேன். அவர் சோறு சாப்பிடுகிறார், தூங்குகிறார், குளிக்கிறார். அதை நான் எப்படிக் கலைப்பேன்? அறிந்தால் அவர் என்ன செய்துகொள்வார் என்ற பயத்தில், அரிவாள்மனையைக்கூட அரிசிப் பானைக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தேன்.

இந்த வருஷம் தலைத்திவசம் நெருங்கியபோது சித்தி போன் செய்தார். சித்திக்கு எல்லாம் தெரியும். "திவசத்த சங்கரந்தான் செய்யணும். அவரு கடைசியாச் சொன்னது அதுதான். தெரிஞ்சுக்கிட்டு வந்து செய்யட்டும்ளா. தெரியாமச் செஞ்சா எனக்கு மனசு ஆறாது" என்றார்.

ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குச் சொன்னேன். இவர் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஜூலியின் தலை. மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி, சுற்றி வளைக்காமல், நடந்த வரிசையில் சொன்னேன். கட்டிப்போட்டது நான் என்பதையும் சொன்னேன். அவர் அழவில்லை. வேலையில் ஒரு தகவலைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டார். ஜூலி முழுப் பாரத்தையும் அவர்மேல் போட்டது. அதன் முதுகில் அவர் கை போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

"எத்தன அழுத்துனேன்?"

"முப்பது."

"மூச்சு?"

"ரெண்டு."

தலையை ஆட்டினார். "சித்தப்பா ஒண்ணும் சொல்லலியா? அழுத்தும்போது?" என்று கேட்டார்.

"இல்ல. ஒண்ணும் சொல்லல" என்றேன்.

ஜூலி தலையைத் தூக்கியது. அவர் மடியிலிருந்து எழுந்தது. கூடத்தின் குறுக்கே நடந்து வந்து என் இரண்டு பாதங்களின்மேலும் படுத்தது. அதுவரை ஒரு நாள்கூட அது என் காலில் படுத்ததில்லை. நகர்த்தப் பார்த்தேன், நகரவில்லை. 

அவர் நாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சொல்லு ஏட்டி" என்றார்.

சொன்னேன். 'ஏலே, நான் உசிரோடதாம்லே இருக்கேன்' என்று சித்தப்பா சொன்னார். சத்தமாகவே சொன்னார். எனக்கு நான்கு படி மேலே கேட்டது.

"எத்தனையில சொன்னாரு?"

"பதிமூணுல."

அவர் உதடு அசைந்தது. "அதுக்கு மேல பதினேழு" என்றார். அதன் பிறகு முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டார். அவரிடமிருந்து வந்தது அழுகை மாதிரி இல்லை, மூச்சுத் திணறுவது மாதிரி இருந்தது. நாய் என் காலிலிருந்து எழுந்து, பாதி தூரம் அவரிடம் போய், நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தது.

அண்ணாச்சியிடம் போனில் கேட்டேன், இவருக்காகப் பழக்கிய நாய் என்னிடம் ஏன் வந்தது என்று. "பயந்த வேர்வைக்கு ஆளு வித்தியாசம் கெடையாதும்மா" என்றார். அதை மருத்துவரிடம் சொன்னபோது, அவர் சிரிக்காமல் என் பெயரில் ஒரு சீட்டு எழுதினார். இப்போது எங்கள் வீட்டில் இரண்டு பேர் மாத்திரை சாப்பிடுகிறோம்.

திவசத்தை இவர்தான் செய்தார், ஸ்ரீவைகுண்டத்தில், சித்தப்பா வீட்டு முற்றத்தில், ஆற்றிலிருந்து குடத்தில் கொண்டுவந்த தண்ணீரில். ஜூலியை உள்ளே கூட்டி வரச் சொன்னது சித்தி. இவர் பிழைத்துவிட்டார் என்று இதைப் படித்துவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலையை விட்டுவிட்டார். யாரையும் தொட்டுத் தூக்குவதில்லை. மகள் ஊருக்கு வந்தால் அவள் தலையில் கை வைக்கவும் யோசிக்கிறார். இன்று இருக்கிறார் என்பதுவரைதான் எனக்குத் தெரியும்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் என் நாள் நாற்பது நிமிஷப் பாடவேளைகளாக ஓடும். இப்போது அப்படி இல்லை. காய் நறுக்கிக்கொண்டிருப்பேன், எனக்கு எதுவும் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பேன். ஜூலி வந்து பாதத்தில் படுக்கும். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கவனித்தால், கழுத்து நனைந்திருக்கும், உள்ளே ஒரு குரல் எண்ணிக்கொண்டிருக்கும். எப்போது தொடங்கினேன் என்று தெரியாது. பெரும்பாலும் பதிமூன்றைத் தாண்டியிருப்பேன்.